பழைய ஜாஸ் பாடகர்களின் ரெக்கார்டை மோனோவில் வாங்குவதா, ஸ்டீரியோவில் வாங்குவதா?

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' ஆல்பம் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), ஸ்டீரியோ (இடது, வலது என்று இரண்டு தடத்தில்) என இரண்டு விதமாகவும் விற்பனைக்கு வந்திருக்கிறது, ஸ்டீரியோதானே உசத்தி, பிறகு ஏன் சிலர் மோனோவைத் தேடி அலைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டர்ன்டேபிள் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், இரண்டையும் வாங்கக் கை கடிக்கும் என்று நினைக்கிறேன். மோனோவை வாங்குங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2011-ல் வேலைக்காக நியூ ஜெர்சியில் இருந்தேன். ஒரு பழைய ரெக்கார்டு கடையில் இதே ஆல்பத்தின் ஸ்டீரியோ பிரதி கிடைத்தது. மோனோவைவிட விலை கூடுதல். 1958-லேயே அப்படித்தான், அமெரிக்காவில் ஸ்டீரியோ தட்டுக்கு ஒரு டாலர் அதிகம் வைத்து விற்றார்கள். பெரிய பொக்கிஷம் கிடைத்த பெருமையோடு, கீழ் வீட்டில் இருந்த பெரியவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார். ஊசி மேலே எழும்பியதும், "கடைசிப் பாட்டு எங்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. கீழே போய்த் தன்னுடைய மோனோ பிரதியை எடுத்து வந்தார். அதில் 12 பாட்டு. என்னுடையதில் 11.

விடுபட்டது 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்'. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வாத்தியக் குழுவை முதலில் பதிவு செய்துவிட்டு, பில்லியின் குரலைப் பிறகு மோனோ நாடாவில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டீரியோ கலவை என்று ஒன்று இல்லாததால் ஸ்டீரியோ தட்டில் அந்தப் பாட்டே இல்லை. 1997 சிடி பதிப்பில்தான் ஸ்டீரியோவாகச் சேர்த்தார்கள்.

அன்று அந்தப் பெரியவரின் தட்டை முழுதாகக் கேட்டோம். 1958 பிப்ரவரியில், நியூயார்க் 30-வது தெருவில் முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானது அது. பில்லிக்கு அப்போது 42 வயது, அடுத்த ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார். குரல் உடைந்து கரகரத்திருக்கும். ஸ்டீரியோவில் இசைக்கோர்ப்பாளர் ரே எல்லிஸின் வயலின்கள் இரண்டு பக்கமும் அகலமாக விரிந்து, நடுவில் பில்லி கொஞ்சம் தள்ளி நின்று பாடுவதுபோல் இருந்தது. மோனோவில் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது, ஆனால் குரல் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு சொல்லை முடிக்க மூச்சுப் போதாமல் அவர் இழுத்துப் பிடிப்பது வரை கேட்கிறது. எனக்குக் கண் கலங்கியது.

ஸ்டீரியோவுக்கு நான் விரோதி இல்லை, அப்படி யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். நெல்சன் ரிடில் இசைக்கோர்ப்பில் எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1959-ல் பாடிய கெர்ஷ்வின் தொகுப்பை நான் ஸ்டீரியோவில்தான் கேட்கிறேன். நாட் கிங் கோலின் 'லவ் இஸ் தி திங்' கூட அப்படித்தான். ஆனால் 1958-ல் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஸ்பீக்கர். அதனால் மோனோவை யாரும் ஒப்புக்குச் செய்யவில்லை. கேபிட்டல் ரெக்கார்டு நிறுவனத்தில் அந்த ஆண்டுகளில் மோனோவுக்கு ஒன்று, ஸ்டீரியோவுக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் தனித்தனி நாடாக்களில் பதிவு செய்தார்கள். இரண்டும் வேறு வேறு ஒலிப்பதிவுகள்.

போலி ஸ்டீரியோவை மட்டும் தொடவே தொடாதீர்கள். 1961-ல் கேபிட்டல் 'டுவோஃபோனிக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மோனோ பதிவையே எடுத்து, கனத்த ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறுபக்கமும் தள்ளி, இடையில் சிறு நேர இடைவெளி வைப்பார்கள். சினாட்ராவின் 1955 ஆல்பம் 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' அந்த வடிவத்திலும் வந்தது. பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கும்.

"இந்த வயதில் இந்த வித்தியாசமெல்லாம் காதில் விழுமா?" என்று முன்பு ஒருவர் கேட்டார். விழும். காதைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அதற்காகச் சொந்தத்தில் கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன். போன வருடம் அக்கா மகள் கல்யாண ரிசப்ஷனில், மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர் வைத்து அலறவிட்டார்கள். முன்வரிசையில் எண்பது வயதுப் பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். போட்டோவுக்கு நிற்கவில்லை என்று அத்திம்பேர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேச முடியாத இடத்துக்கு எதற்குப் பத்திரிகை வைத்து அழைக்கிறோம்?

சரி, உங்கள் விஷயம். பணம் கொடுக்கும் முன் உறையின் பின்பக்கத்தில் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டுக் கேளுங்கள். மோனோ தட்டின் பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் அசைந்து பொறுக்கிவரும் தூசிச் சத்தம் அந்தப் பொத்தானில் பெருமளவு அடங்கிவிடும். பழைய தட்டு கரகரக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.