அப்பாவின் மறதி: முதலில் மாத்திரைகளைப் பாருங்கள்
68 வயது அப்பா ஆறு மாதமாகப் பெயர்களை மறக்கிறார், குறுக்கெழுத்து போட வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறுக்கெழுத்து பழகினால் பெரும்பாலும் குறுக்கெழுத்துதான் நன்றாக வரும். பெயர் சற்றுத் தாமதமாக நினைவுக்கு வருவது வயதின் இயல்பு; கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும், பழகிய வழி தவறுவதும் அப்படியல்ல.

தூக்கத்துக்கும் சளிக்கும் தானாக வாங்கிப் போடுபவை உட்பட, எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். டைபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்து கலந்தவை முதியவர்களின் நினைவை மந்தமாக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை கேளுங்கள்; சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுத்தால் பி12 குறையலாம். காதையும் சோதியுங்கள்: சரியாகக் கேட்காத பெயர் மனதில் பதியாது, வீட்டில் அதை மறதி என்றுவிடுவோம். தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று வருகிறதா என்றும் கவனியுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், அன்றே மருத்துவமனை.