ஜிமெயிலுக்கு, நுழைவு எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டால், போன் தொலைந்த அன்று கணக்கும் போய்விடாதா? எஸ்எம்எஸ் ஓடிபியே போதாதா?

போகாது. ஆனால் மாற்று வழியைப் போன் கையில் இருக்கும்போதே செய்து வைத்திருக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பலர் வெளியே தவிக்கிறார்கள்.

முதலில் எஸ்எம்எஸ். போன் தொலைந்தாலும் டூப்ளிகேட் சிம் வாங்கினால் அதே எண்ணுக்கு ஓடிபி வந்துவிடும் என்ற தைரியத்தில் கேட்கிறீர்கள். இந்தியாவில் சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் வராது, போகவும் போகாது. உங்கள் பெயரில் வேறொருவன் சிம் வாங்கி ஓடிபியைப் பறிப்பதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த கட்டுப்பாடு அது. தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் கணக்கை அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய அந்த முதல் நாளில் உங்களுக்கும் ஓடிபி கிடைக்காது.

ஆத்தென்டிகேட்டருக்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஆப்பைக் கணக்கோடு இணைக்கும்போது நீங்கள் ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து ஆப் 30 வினாடிக்கு ஒரு 6 இலக்க எண்ணைக் கணக்கிடுகிறது. கூகுளும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. போனில் நேரம் சில நிமிடம் பிசகியிருந்தாலே 'தவறான குறியீடு' என்று வருவது அதனால்தான். தேதி, நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள்.

சாவியின் நகல் இருந்தால் எந்தப் போனிலும் அதே எண் வரும். க்யூஆர் கோடு தெரியும் திரையிலேயே, 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்று கேட்கும் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் நான்கு நான்காகப் பிரித்த 32 எழுத்துகள் வரும். அதுதான் சாவி. தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அது கூகுள் போட்டோஸுக்குப் போய்விடக்கூடும். இந்தச் சாவியில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையான எண்களும் மட்டுமே வரும். உங்கள் கையெழுத்தில் 0 மாதிரி தெரிவது 'ஓ', 8 மாதிரி தெரிவது 'பி', 1 மாதிரி தெரிவது 'ஐ' அல்லது 'எல்'. ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்க்கும்போது இது கைகொடுக்கும்.

கூகுள் ஆத்தென்டிகேட்டர்தான் 2023 ஏப்ரலிலிருந்து கூகுள் கணக்கிலேயே சேமிக்கிறதே என்று கேட்கலாம். மற்ற தளங்களின் குறியீடுகளுக்கு அது உதவும். ஆனால் ஜிமெயிலுக்குள் நுழைய வேண்டிய எண் ஜிமெயில் கணக்குக்குள்ளேயே கிடந்தால் எப்படி எடுப்பீர்கள்? மேலே சொன்ன பெட்டிச் சாவி இதுதான்.

அதனால் ஆத்தென்டிகேட்டர் போட்ட கையோடு, ஆப் கையில் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் கோடுகளை எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கில் பாதுகாப்பு, அதற்குள் இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சோதனை வைக்கும் வசதி), அதற்குள் பேக்கப் கோடுகள். மொத்தம் 10 எண்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். புதிய பட்டியல் எடுத்தால் பழையது செல்லாது. பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். ஒரு பிரதி வீட்டுப் பீரோவில், இன்னொன்று நம்பிக்கையான உறவினர் வீட்டில். பர்ஸில் வேண்டாம், போனும் பர்ஸும் பெரும்பாலும் சேர்ந்தே தொலையும்.

பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் இன்னொரு உருவத்தில் வரும். ஜிமெயில் பாஸ்வேர்ட், பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிட்வார்டனுக்கு இருபடிச் சரிபார்ப்பு போடவில்லை என்றால், புதிய கருவியில் நுழையும்போது அது மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பும். அந்த மின்னஞ்சல் அதே ஜிமெயில்! ஆகவே பிட்வார்டனுக்கும் ஆத்தென்டிகேட்டர் போட்டு, அது தரும் மீட்புக் குறியீட்டையும், பிட்வார்டனைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டையும், ஜிமெயில் பாஸ்வேர்டையும் பீரோவில் இருக்கும் தாளிலேயே எழுதிவிடுங்கள். தாளில் பாஸ்வேர்ட் எழுதக் கூடாது என்பது அலுவலக மானிட்டரில் ஒட்டுபவர்களுக்கான அறிவுரை. இணையத் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு, இருபடிச் சரிபார்ப்பிலிருந்து போன் எண்ணை நீக்கலாம். அதற்கு முன்னால் நீக்காதீர்கள். எண் அங்கேயே இருந்தால், ஆத்தென்டிகேட்டரைத் தாண்ட முடியாதவன் 'வேறு வழியில் முயல்க' என்பதைத் தொட்டு எஸ்எம்எஸ் வழியாக வர முயல்வான்.

ஒன்று மட்டும்: 6 இலக்க எண்ணையும் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்யவைத்து, அந்த 30 வினாடிக்குள் திருடிவிட முடியும். பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையாலோ போன் பூட்டாலோ நுழையவிடும் பாஸ்கீ அப்படி ஏமாறாது. உண்மையான முகவரியில் மட்டுமே அது வேலை செய்யும். போனில் வசதி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேக்கப் கோடுகளை எடுத்த பிறகு.

கடைசியில் ஒத்திகை. போனை அணைத்து வையுங்கள். வேறொரு கணினியில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்து, தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஜிமெயிலுக்குள் நுழையுங்கள். நுழைந்துவிட்டால், பயன்படுத்திய எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டுத் தாளைப் பீரோவில் வையுங்கள். இன்னும் 9 இருக்கிறது.