நட்ட கடற்புல் ஏன் பிழைக்கவில்லை?

கேள்வி: தன்னார்வலர்களாகச் சேர்ந்து கடற்புல் நட்டோம். ஆறே மாதத்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. கடலோரத்தை மீட்க முடியும் என்று ஆய்வாளர்கள் சொல்வது உண்மைதானா? இதைத் தொடர்வதில் பயன் உண்டா? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: உண்டு. உங்கள் வருத்தம் எனக்குப் பழக்கமானது. நான் முதன்முதலில் நட்ட திட்டில் முங்கிப் போய், அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து எண்ணினேன். ஏழே தளிர்கள். இலை முழுக்கப் பழுப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. இரண்டு விரலால் வழித்துப் பார்த்தேன். உள்ளே இலை பச்சையாகத்தான் இருந்தது. வெளிச்சம் கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தது.

கடற்புல் பாசி இல்லை. வேரும் பூவும் விதையும் உள்ள செடி. கடல்மட்டத்தில் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது அதற்கு எட்ட வேண்டும். கழிவுநீரும் வயல் உரமும் கலந்தால் நுண்பாசி பெருகி, அந்த வெளிச்சத்தை மேலேயே மறித்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் எத்தனை நாற்று நட்டாலும் நிற்காது. அதனால் எங்கே நடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இங்கே இருந்த புல் ஏன் போயிற்று என்று கேளுங்கள்.

அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கழிகளில் 1930களில் ஒரு நோயும் 1933ஆம் ஆண்டுப் புயலும் சேர்ந்து கடற்புல்லை அடியோடு அழித்தன. அதை நம்பியிருந்த ஸ்காலப் சிப்பித் தொழிலும் போயிற்று. அறுபது வருடத்துக்கு மேல் புல் திரும்பவில்லை. கடற்புல் ஆய்வாளர் ராபர்ட் ஓர்த் குழுவினர் ஆராய்ந்தபோது தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குறை விதையில்தான்! அந்தப் புல்லின் விதை விழுந்த இடத்திலிருந்து சில மீட்டருக்கு மேல் நகர்வதில்லை. பக்கத்தில் தாய்ச்செடியும் இல்லை. விதை சேகரித்துப் படகிலிருந்து தூவினார்கள், வருடக்கணக்கில், 7 கோடிக்கும் மேல். சுமார் 213 ஹெக்டேரில் விதைத்தது 3,600 ஹெக்டேராகப் பரவியதை 2020இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் கதை நேர்மாறு. அங்கே கழிவுநீரில் வந்து நுண்பாசியை வளர்த்த நைட்ரஜனைக் குறைத்தார்கள். புல் பெரும்பாலும் தானே திரும்பியது. 2016க்குப் பிறகு மறுபடி குறையவும் செய்தது. காவலை விட முடியாத வேலை இது.

நீங்கள் அடுத்து செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி சோதித்துக் காட்டிய முறைதான்: ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறியுங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது. மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். நீங்கள் நட்ட ஆழத்துக்கு வெகு மேலேயே தட்டு மறைந்தால், நாற்று நடுவதை நிறுத்திவிட்டு அழுக்கு எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று தேடுங்கள். தரையைத் தொட்ட பிறகும் தட்டு தெளிவாகத் தெரிந்தால், இந்த முறை நாற்றுக்குப் பதில் விதையில் தொடங்கிப் பாருங்கள். மிஞ்சிய தளிர்களைப் பிடுங்கிவிடாதீர்கள். அவற்றை மாதாமாதம் எண்ணி, அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள்.