2.4-உம் 2.5-உம் ஒன்றல்ல

கேள்வி: எனக்கு வயது 46, எடை 92 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிட்டு வருகிறேன். எடை குறைவதற்காக, வாரம் ஒரு முறை மவுன்ஜாரோ ஊசி 2.5 மில்லிகிராம் போட்டுக்கொள்ளும்படி கோவை மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனார், வாந்தி தாங்காமல் நிறுத்திவிட்ட வெகோவி 2.4 மில்லிகிராம் ஊசிப் பேனாவில் இரண்டு வாரத்து மருந்து மீதி இருப்பதாகவும், வித்தியாசம் 0.1 தானே என்றும் சொல்லி, அதையே போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா? இந்த ஊசிகளுக்குள் என்ன வேறுபாடு?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம், சகோதரி. இரண்டும் வேறு வேறு மருந்துகள். ஒன்றின் மில்லிகிராம் கணக்கை மற்றொன்றோடு ஒப்பிடவே கூடாது. வெகோவியில் இருப்பது செமாகுளுடைட். அதை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை 0.5, 1, 1.7 என்று கூட்டி, நான்கு மாதம் கழித்தே 2.4-க்குப் போவது முறை. மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட், அதற்கு 2.5 என்பது முதற்படி, உச்ச அளவு 15. ஆகவே உங்கள் நாத்தனாரின் பேனாவை நீங்கள் போட்டுக்கொண்டால், தொடக்க அளவைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு மருந்து முதல் நாளே உடம்பில் இறங்கும். அவருக்கே தாங்காத வாந்தி உங்களுக்கு இன்னும் கடுமையாக வரக்கூடும். தவிர, ஒருவர் பயன்படுத்திய பேனாவை, ஊசிமுனையை மாற்றினாலும்கூட, மற்றவர் பயன்படுத்தக் கூடாது. இரத்தத்தின் வழியாகத் தொற்று பரவ இடமுண்டு.

செமாகுளுடைட், சாப்பிட்டபின் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்து, பசியைக் குறைத்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. டிர்செபடைட் அத்துடன் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில் சராசரி எடைக்குறைவு டிர்செபடைடுக்கு 20.2 விழுக்காடு, செமாகுளுடைடுக்கு 13.7 விழுக்காடு. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு எடை சற்றுக் குறைவாகவே இறங்கும் என்பதால், அதே எண்ணை எதிர்பார்த்து மனம் தளர வேண்டாம். ஓசெம்பிக்கும் செமாகுளுடைட்தான், சர்க்கரை நோய்க்கென்று வந்தது. சாக்ஸெண்டா என்ற லிராகுளுடைட் ஊசியை நாள்தோறும் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த சொல் கிளிமிபிரைடு. அதனோடு இந்த ஊசியும் சேரும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்து, கை நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரலாம் என்பதால், முதல் ஊசிக்கு முன்பே அந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு கூடுவதும் உண்டு; கண் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதுகு வரை பரவும் தொடர்ந்த வயிற்றுவலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்குச் சில செய்திகள். குளிரில் தாகம் தெரியாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அளவு கூட்டிய வாரத்தில் குமட்டல் கூடுதலாக இருக்கும்; அப்போது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துப் பயணத்தைக் கூடியவரை தள்ளிப்போடுங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கீழே வாங்கி எடுத்து வரும்போது ஐஸ்கட்டியின் மேல் நேராக வைக்காமல் ஒரு துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். வெளியேதான் குளிராக இருக்கிறதே என்று உறைபனிக் காலத்தில் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். ஒரு முறை உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் இரண்டு மாதச் செலவை மட்டும் கணக்கிட்டுத் தொடங்குவது சரியாக வராது. உங்கள் நாத்தனாரையும், மருந்தைத் தானாக நிறுத்திவிட்டு இருந்துவிடாமல், எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள். அளவைக் கீழே இறக்கினாலே அவருக்கு வாந்தி அடங்கிவிடக்கூடும்.