காமராஜர் இருப்பது தலையிலா, பின்புறத்திலா?

(நாகர்கோவில் பக்கத்துக் காசு சேகரிப்பாளர்கள் கேட்டதும், நெடுங்காலமாகக் காசு சேர்க்கும் அண்ணாச்சி ஒருவர் சொன்னதும்.)

வடசேரி: அண்ணாச்சி, காமராஜர் நூற்றாண்டு 5 ரூபாய்க் காசுல அவர் முகம் இருக்கிறதுதானே தலைப் பக்கம்?

முகம் இருந்தா தலைன்னு யாருக்கும் தோணும். ஆனா வெளியிட்ட அரசோட சின்னம் எந்தப் பக்கமோ, அதுதான் முகப்பு. நம்ம நாட்டுக் காசுக்கு அது அசோகத் தூண் சிங்கம். நாகர்கோவில் எம்.பி.யா இருந்த மனுஷர், அந்த 2003 காசுல பின்புறத்துலதான் இருக்கார். திருவிதாங்கூர்க் காசுல கதை வேற. அங்க ராஜாவேதான் அரசு; அவர் தலை பொறிச்ச காசுல அது முகப்பு, சங்கு பின்புறம்.

மார்த்தாண்டம்: சாரே, பாட்டா பெட்டியில சங்கு போட்ட வெள்ளிக்காசு ஒண்ணு கிடந்தது. 1114-ன்னு இருக்கு. 900 வருஷப் பழசா?

அவ்வளவு ஆசை வேண்டாம்! அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. 824-825 கூட்டுங்க, 1938-39, திருவிதாங்கூர் ராஜா சித்திரைத் திருநாள் காலம். காசோட பாகங்களையும் சொல்லிடுறேன்: ஓரத்தை ஒட்டி வளைஞ்சு ஓடுற எழுத்து வாசகம். நடுவுல எழும்பி நிக்கிறது உரு. ரெண்டும் இல்லாத மொட்டை இடத்தை ஃபீல்டும்பாங்க. புளி போட்டுத் தேய்ச்சா முதல்ல கீறல் தெரியுறது அங்கதான். தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. நான் ஒருக்கா தேய்ச்சுட்டு இன்னும் வருத்தப்படுறேன்.

குளச்சல்: செப்புக்காசுல வி, ஓ, சி மூணும் பின்னிக் கிடக்கு. வ.உ.சி.யா?

வ.உ.சி. கப்பல்தான் விட்டார், காசு அடிக்கல. அது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. பெரிய வி-யோட ரெண்டு கையிலும் ஓவும் சியும் கோத்திருக்கும். இப்படி எழுத்தைப் பின்னிச் சின்னமாக்கினா மோனோகிராம். 1741-ல உங்க ஊர்க் கடற்கரையில மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்த அதே கம்பெனிதான்.

தக்கலை: ரிம்மும் எட்ஜும் ஒண்ணா?

இல்ல. படத்தைச் சுத்தி வரப்பு மாதிரி உயர்ந்து நிக்கிறது ரிம். உரு தேயாம காக்கும், அடுக்கவும் தோது. எட்ஜ் காசோட மூணாவது பக்கம், கனம் தெரியுற இடம். அங்க ஏன் கோடு? அந்தக் காலத்துல வெள்ளியை ஓரத்துல சுரண்டி எடுத்துட்டு, காசை முழு விலைக்கு மாத்திடுவாங்க. கோடு இருந்தா சுரண்டினது உடனே தெரிஞ்சிடும்.

குலசேகரம்: வருஷத்துக்கு அடியில வைரம் மாதிரி ஒரு குறி?

மும்பை நாணயச் சாலையில அடிச்சது. நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா.

கருங்கல்: அமெரிக்காவுல இருக்கிற மச்சான் தந்த காசைப் புத்தகப் பக்கம் மாதிரி திருப்பினா பின்புறம் தலைகீழா வருது. பிழைக்காசா?

இல்ல. அமெரிக்கக் காசை மேல கீழாத்தான் புரட்டணும். மெடலும் நம்ம ரூபாயும் பக்கவாட்டுல திருப்பினாலே நேரா நிக்கும். அப்படித் தலைகீழா வர்றதை நம்ம ரூபாய்ல பார்த்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க, வந்து பாக்கிறேன்.