பெருங்குடல் பொலிப்: குற்றவாளி கருவாடா, சிகரெட்டா?

கேள்வி: எனக்கு வயது 51. உப்புவெளியில் வசிக்கிறேன், திருகோணமலை நகரில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். மலத்துடன் இரத்தம் போனதை மூலவியாதி என்றே நினைத்திருந்தேன். கொலொனோஸ்கோபி (மலவாய் வழியே கமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோது பெருங்குடலில் 2 பொலிப்புகள் காணப்பட்டு, இரண்டும் அகற்றப்பட்டன. பெரியது 12 மில்லிமீற்றர். அறிக்கையில் ‘அடினோமா’ என்றும் புற்றுநோய் இல்லை என்றும் உள்ளது. 3 வருடங்களின் பின் மீண்டும் கொலொனோஸ்கோபி செய்ய வேண்டுமாம். நான் மாட்டிறைச்சி தொடுவதில்லை, வெள்ளிக்கிழமைகளில் சைவம். நாளொன்றுக்கு 7, 8 சிகரெட் புகைப்பேன். சனிக்கிழமைகளில் நண்பர்களுடன் கால் போத்தல் சாராயமும் டெவில் சொசேஜும் உண்டு. கருவாடும் உறைப்பும்தான் இதற்குக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். உணவை மாற்றிக்கொண்டால் அடுத்த பரிசோதனையைத் தவிர்க்கலாமா? என் தம்பிக்கு 45 வயது. அவனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: உங்கள் கவலை முழுவதும் கருவாட்டிலும் மிளகாயிலும் இருக்கிறது, சிகரெட்டையும் சாராயத்தையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரிசையை மாற்றிவைத்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொலிப் என்பது பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் மிகைவளர்ச்சி. சில தட்டையாக இருக்கும். சில காளானைப் போலக் காம்புடன் நிற்கும். பெரும்பாலானவை எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆயினும் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பொலிப்புகளிலிருந்தே தொடங்குகிறது. அடினோமா என்பது புற்றுநோயாக மாறக்கூடிய பொலிப் வகை; அது அந்த நிலையை அடைவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்கும். ஆகவே உங்களுக்கு ஏற்பட்டது கடந்த மாதம் உண்ட ஏதோ ஒன்றின் விளைவன்று. வயது, பரம்பரை, பல ஆண்டுப் பழக்கங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து வேலைசெய்திருக்கின்றன. முதல் இரண்டும் உங்கள் கையில் இல்லாதவை என்பதால், உங்களை நீங்களே நொந்துகொள்வதிலும் பயனில்லை.

கருவாட்டை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம். அதிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்திற்குக் கெடுதல் என்பது உண்மை. ஆனால் பொலிப்புக்கு அதுவே காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. மிளகாயும் அப்படியே. உறைப்பாகச் சாப்பிட்ட மறுநாள் மலவாயில் எரிவு ஏற்படுவதால், உள்ளே ஏதோ புண்ணாகிவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். எரிவு வேறு, பொலிப் வேறு.

நீங்கள் கணக்கில் எடுக்காதது அந்தச் சொசேஜ்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015ஆம் ஆண்டில், பதப்படுத்திய இறைச்சியைப் பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. உப்பிட்டோ, புகையூட்டியோ, இரசாயனம் சேர்த்தோ கெடாமல் வைக்கப்படும் எந்த இறைச்சியும் இதில் அடங்கும். கோழி சொசேஜுக்கும் விலக்கில்லை. மாட்டிறைச்சியை மட்டும் விலக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்கு ஆபத்து ஏறக்குறைய 18 சதவீதம் கூடுகிறது என்று அந்த அறிக்கை கூறுகிறது. இதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்: 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் கிட்டத்தட்ட 6 பேருக்கு வரும் என்பதே இதன் பொருள். வாரம் ஒருமுறை உண்பதால் நேரும் கூடுதல் இதனிலும் சிறியது. எனவே பயந்து நடுங்க வேண்டியதில்லை; ஆனால் சனிக்கிழமைத் தட்டில் அதற்குப் பதிலாக அவித்த கடலைத் தாளிதம் இருந்தால் நல்லது.

அந்தத் தட்டுக்குப் பக்கத்திலிருக்கும் போத்தல் இன்னும் முக்கியமானது. கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர், 33 சதவீத மதுசாரம் கொண்ட சாராயத்தில் ஏறக்குறைய 47 கிராம் தூய மதுசாரம் உள்ளது. உடல் அதை அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. குடலில் வாழும் பக்றீரியாக்களும் அதே வேலையைச் செய்கின்றன. அப்பொருள் கலங்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துகிறது. வாரத்தில் ஒருநாள்தானே என்பீர்கள். நாள்தோறும் குடிப்பவரோடு ஒப்பிட்டால் உங்கள் அளவு குறைவுதான், ஆனால் முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை.

சிகரெட் விடயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது. புகைத்தல் நுரையீரலோடு நின்றுவிடும் என்ற எண்ணம் தவறானது. புகையிலுள்ள புற்றுநோய்க் காரணிகள் இரத்தத்தின் வழியே குடலையும் அடைகின்றன. புகைப்பவர்களிடம் அடினோமாக்கள் அதிகம் காணப்படுகின்றன. எவ்வளவு காலம், எத்தனை சிகரெட் என்பதற்கேற்ப ஆபத்தும் கூடுகிறது. நிறுத்தினால் அது மெல்ல மெல்லக் குறையும், உடனே அன்று. நீங்கள் ஒரேயொரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், கருவாடு அப்படியே இருக்கட்டும், சிகரெட்டை நிறுத்துங்கள்.

இடுப்பின் சுற்றளவை நீங்கள் குறிப்பிடவில்லை. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்றிமீற்றருக்கு மேல் என்றால் வயிற்றுக் கொழுப்பு மிகுதி என்று கொள்ள வேண்டும். அக்கொழுப்பு இன்சுலினின் அளவை உயர்த்துகிறது; உயர்ந்த இன்சுலின் குடற்கலங்களைப் பெருகத் தூண்டுகிறது. நாள் முழுவதும் கதிரையில் இருந்து கோப்புப் பார்ப்பவருக்கு இது எளிதில் நேரும். வாரத்திற்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி நடக்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து ஏறிச்செல்லும் பாதை இதற்குப் போதுமானது, வாசல்வரை முச்சக்கரவண்டியில் போய் இறங்கினாலும்கூட.

இனி உணவு. காலையில் பாண், மதியம் வெள்ளைச் சோறு, இரவில் கொத்து ரொட்டி என்றால் நார்ச்சத்துக்கு இடமேது? சிவப்பரிசிப் பிட்டு, குரக்கன், பயறு, முருங்கையிலை வறை என்று நம் சமையலறையிலேயே வேண்டியது இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது கிடைப்பது நல்லது. நீண்டகாலம் நார்ச்சத்து மிகுதியாக உண்பவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான விடை வேறோரிடத்தில் இருக்கிறது. பொலிப் அகற்றப்பட்ட சுமார் 2000 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்தையும் பழம், மரக்கறிகளையும் கூட்டி உண்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போலவே உண்டார்கள். 4 ஆண்டுகளின் பின் பார்த்தபோது, இரு சாராரிடமும் பொலிப்புகள் ஒரே அளவிலேயே மீண்டும் தோன்றியிருந்தன. பல ஆண்டுகளாக ஏற்பட்ட மாற்றத்தைச் சில ஆண்டுகளின் உணவு அழித்துவிடவில்லை.

ஆகையால் அடுத்த கொலொனோஸ்கோபியைத் தவிர்க்க முடியாது. முதல்நாள் குடிக்கக் கொடுக்கும் பேதி மருந்தும், இரவெல்லாம் மலகூடத்திற்கு நடப்பதும் எவருக்கும் உவப்பானவை அல்ல. ஆனாலும் 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட அடினோமா இருந்தவருக்குப் புதியவை தோன்றும் வாய்ப்புக் கூடுதல் என்பதாலேயே 3 ஆண்டு என்று குறித்திருக்கிறார்கள். அஸ்பிரின் குளிசை பொலிப்பைக் குறைக்கும் என்று எங்காவது வாசித்தால், அது உண்மைதான். ஆயினும் இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், வைத்தியர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். இடையில் மீண்டும் இரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ 3 ஆண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள். இம்முறையும் மூலவியாதி என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

உங்கள் தம்பி பரிசோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்த அளவு அடினோமா 60 வயதுக்கு முன் கண்டறியப்பட்டவரின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்குவது வழமை; அவர் அந்த வயதைக் கடந்துவிட்டார். உங்கள் கொலொனோஸ்கோபி அறிக்கையினதும் இழையப் பரிசோதனை அறிக்கையினதும் பிரதிகளை அவரிடம் கொடுத்து, சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். ‘அண்ணனுக்கு ஏதோ கட்டி எடுத்தார்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னால், எந்த வகை, எத்தனை மில்லிமீற்றர் என்பது தெரியாமல் அங்குள்ள வைத்தியரால் அவருக்கு ஆபத்து எவ்வளவு என்று கணிக்க இயலாது.