மாடியிலிருந்து ராக்கெட் பார்த்த பெண்ணுக்கு என்ன படிப்பு?

தடாவிலிருந்து எழுதிய தாயாருக்கு,

நட்சத்திரம் படித்தால் வயிறு நிறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மகள் இரவெல்லாம் பனியில் நிற்பாளே என்ற கவலை வேண்டாம். அவள் படிக்க விரும்புவது விண்மீன்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை; அவற்றைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுகிறது. கருவி செயற்கைக்கோளில் இருக்கும், அவள் கணினி முன் இருப்பாள். 2015 செப்டம்பர் 28 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்பிய ராக்கெட்டை உங்கள் மாடியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்தச் செயற்கைக்கோள் அனுப்புவது போன்ற தரவை அலசுவதுதான் இந்த வேலை.

அவள் ஓயாமல் சொல்லும் ‘வெடிப்பு’ இதுதான்: இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று செத்துச் சுருங்கிய நியூட்ரான் விண்மீன். எடை சூரியனைவிட அதிகம். அகலமோ சுமார் 20 கிலோமீட்டர், சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் தூரம். அது துணை விண்மீனின் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. சேர்ந்த வாயு அழுத்தமும் சூடும் ஏறி, அணுக்கரு இணைவால் குப்பென்று பற்றிக்கொள்கிறது. சில நொடிகளில் உச்சம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். பால் பொங்குவதுபோல என்று சொல்லலாம், ஆனால் எஸ்ஏஎக்ஸ் ஜே1808 என்ற பல்சாரில் (சுழலச் சுழல ஒளி துடிப்பாகத் தெரியும் நியூட்ரான் விண்மீன்) பாத்திரமே நொடிக்கு 401 முறை சுழல்கிறது. அந்தத் துடிப்பை 1998இல் நாசாவின் செயற்கைக்கோள் பிடித்தது. பின்னர் வெடிப்பின் ஒளியிலும் ஏறக்குறைய அதே துடிப்பு தெரிந்தது. இதைப் பதினேழு வயதில் ஒரு பெண் விளக்குகிறாள் என்றால், எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இன்டரில் (ப்ளஸ் டூ) அவள் எடுத்திருக்கும் எம்.பி.சி., அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல், போதும். காளஹஸ்தியைத் தாண்டி ஏர்ப்பேட்டில் ஐசர் திருப்பதி என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு, ஐஏடி என்ற தனி நுழைவுத் தேர்வு. ‘முதலில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங், இயற்பியலைப் பிறகு பார்க்கலாம்’ என்று பயிற்சி மையத்தில் சொன்னார்களாம். அந்தப் ‘பிறகு’ வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். அதன்பின் முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்; நிரந்தரப் பணியிடங்களோ குறைவு. நடுவில் விலகினாலும் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கைவசம் இருக்கும், தரவு நிறுவனங்களில் வேலை தேடலாம்.

தசரா விடுமுறையில் நாசாவின் பொதுக் காப்பகத்திலிருந்து பழைய எக்ஸ் கதிர்த் தரவை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், செலவில்லை. வெடிப்பே இல்லாத எண்களை ஒரு நாள் முழுக்கப் புரட்டிவிட்டு மறுநாளும் உட்காருகிறாளா என்று கவனியுங்கள். உட்கார்ந்தால், ஐஏடி விண்ணப்பம் வந்ததும் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.